அவிட்டம் முதல் ரேவதி வரை

எனக்குப் பொறுமை கிடையாது. அடுப்பில் பால் பொங்கும் வரை நிற்கத் தெரியாதவள், சாகப்போகிறவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரும் வேலைக்கு எப்படி வந்தாள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எப்படியோ வந்துவிட்டேன். இனி குணப்படுத்த முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிவைத்தவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். நெட்டுக்குப்பத்திலிருந்து ராயபுரம் வரைக்கும் என் எல்லை. வலிக்கு மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, வீட்டாருக்குக் கொஞ்சம் தைரியம். மூன்றாவதுதான் எப்போதும் கையிருப்பில் குறையும்.

முன்பு நீளமான நோட்டுப்புத்தகத்தில் எழுதினோம். இப்போது சிலேட்டு அளவில் ஒரு டேப் கொடுத்திருக்கிறார்கள். காலடிப்பேட்டையில் ஒரு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் தட்டுவதை, ஆஸ்பத்திரியில் வலி வார்டு டாக்டரும் கேஷுவாலிட்டிக்காரர்களும் எங்கள் உதவி எண்ணில் ட்யூட்டி பார்ப்பவரும் அதே நிமிஷத்தில் படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் பையில் ஸ்கேனையும் சீட்டுகளையும் சுமந்துகொண்டு, பார்க்கிற டாக்டரிடமெல்லாம் ஆதியோடந்தமாகக் கதை சொல்லிக்கொண்டு அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் போயிற்று.

அந்தப் பதிவின் கடைசிப் பக்கம் முக்கியமானது. கடைசி நாட்களில் நோயாளி எங்கே இருக்க விரும்புகிறார் என்று அதில் கேட்டிருக்கும். வீடு, மருத்துவமனை என்று இரண்டு கட்டம். அவசரத்துக்கு வீட்டார் உதவி எண்ணைக் கூப்பிட்டால் ட்யூட்டி ஆள் முதலில் பார்ப்பது அதைத்தான். வீடு என்றிருந்தால் ஊசி மருந்தோடு நர்ஸ் போவார். மருத்துவமனை என்றிருந்தால் வண்டி போகும், கேஷுவாலிட்டியில் படுக்கை ஒதுக்கி வைப்பார்கள். அதற்குக் கீழே எந்தெந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒரு பட்டியல், நோயாளியின் கையெழுத்தோடு.

நான் சொல்லவந்த நோயாளி டிரெய்லர் லாரி ஓட்டியவர். துறைமுகத்துக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கும் நடுவில் நாற்பது வருஷம். நுரையீரலில் வந்தது, எலும்புக்கும் பரவிவிட்டது. காலடிப்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள், அவரும் மனைவியும் மட்டும். மனைவி காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர், அவர் படுத்ததும் நின்றுவிட்டார். மாடிப்படி, கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் நடை வழியாகத்தான் ஏற வேண்டும். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படி. மேலே ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு ஜன்னல். ஜன்னலோரத்தில்தான் அவர் கட்டில்.

கடைசிப் பக்கத்தை நிரப்பப் போன அன்று அவர் மனைவியை டீ வாங்கிவர அனுப்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் நோயாளிக்குத் தெரியக்கூடாது என்று வீட்டார் என் கையைப் பிடித்துக் கெஞ்சுவது வழக்கம். இங்கே தலைகீழ். எல்லாம் தெரிந்தவர் அவர். மனைவிதான் பேச்சை மாற்றிக்கொண்டே இருப்பார்.

"சிஸ்டரம்மா, நான் வாழ்நாள் பூரா ஹார்பர் கேட்டாண்ட க்யூல குந்திகினு கெடந்தவன். வண்டிலயே துன்னு, வண்டிலயே தூங்கி. சாவறதுக்கும் போய் ஒரு வராண்டால க்யூ நிக்க என்னால ஆவாது. இந்த ஜன்னலாண்டயே போட்டுருங்க. மூக்குல, வாயில இன்னாத்தயும் சொருவ வோணாம்."

"பயமா இருந்தா அப்புறம் மாத்திக்கலாம்ணா" என்றேன்.

"பயம் இல்லாம இன்னா? அது கீது. அதுக்கோசரம் அங்க போணுமா?"

வீடு என்ற கட்டத்தைத் தொட்டேன். பட்டியலைப் படித்துக் காட்டினேன். டேப் மேல் விரலாலேயே கையெழுத்துப் போட்டார். கோணல்மாணலாக வந்தது. லைசென்ஸில் இருக்கிற மாதிரி இல்லையே என்று இன்னொரு தரம் போட்டார். நோயாளியிடமே கேட்டு உறுதி செய்யப்பட்டதா என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். ஆம் என்றேன். அந்த ஆம் சத்தியமான ஆம்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் முழுக்க அவருக்கு மூச்சிரைப்பு. நான் போனபோது வீட்டுக்காரம்மா நடையிலேயே நின்றிருந்தார், கையில் காலண்டரிலிருந்து கிழித்த அன்றைய தேதித் தாள். அவிட்டம் என்று போட்டிருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவிட்டத்தில் தொடங்கி ரேவதி வரைக்கும் ஐந்து நட்சத்திரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அது அடைப்பு. அந்த இடத்தை ஆறு மாசம் பூட்டிவைக்க வேண்டும். விளக்கு மட்டும் ஏற்றலாம். அந்த வீட்டில் நல்லது எதுவும் நடக்காது, நடத்தவும் விடமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் பாதிப் பேர் டாக்டரைக் கேட்பதற்கு முன் காலண்டரைத்தான் பார்ப்பார்கள். நான் நர்ஸ், இதையெல்லாம் நம்ப மாட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என் மாமியார் போன அன்று நானும் சமையலறைக்குப் போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் அழுதேன்.

"நான் கல்நெஞ்சுக்காரி இல்லமா" என்றார் வீட்டுக்காரம்மா. "பன்னெண்டு வருசமா கீறாங்க, ஒரு பேச்சு பேசனதில்ல. ஆனா அடுத்த வாரம் எம் பொண்ணுக்கு வளையல் போட்டு இட்டுகினு வரணும். ஒம்போது மாசம். மேல அடைப்புன்னா அவ மாமியார் அனுப்புவாளா? இந்த அஞ்சி நாளு மட்டும் ஆஸ்பத்திரில வெச்சிக்க சொல்லுமா. அப்பால அவுரு இங்கியே இருக்கட்டும், நான் கேக்கல."

மனைவி படியில் இரண்டு அடி இறங்கி நின்றார். முந்தானையை வாயில் வைத்திருந்தார். "இந்த ஆள தூக்கிகினு நான் எங்க போவேன் சிஸ்டர்? வேற வூடு இப்ப யாரு குடுப்பா? நீங்களே எதுனா பண்ணுங்க. ஆஸ்பத்திரின்னு போட்டுருங்க."

மூன்று பொம்பளைகள் படியில் நின்று பேசுகிறோம். பதினைந்து படி மேலே அவர் இருமுவது கேட்கிறது. ஏறிப்போய் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. கேட்டு, அவர் மாட்டேன் என்று, அவர் மாட்டேன் என்றதை இந்த இரண்டு பேரிடமும் வந்து சொல்லி, பிறகு அந்த அம்மா காலி பண்ணச் சொல்லி... அதற்கெல்லாம் அன்றைக்கு எனக்குத் திராணி இல்லை. நெட்டுக்குப்பத்தில் புண் கட்ட ஒருவர் காத்திருந்தார். எதையாவது ஒன்றைத் தட்டிவிட்டு அந்தப் படியை விட்டு இறங்கினால் போதும் என்றிருந்தது.

படியில் நின்றபடியே டேப்பைத் திறந்தேன். வீடு என்பதை எடுத்துவிட்டு மருத்துவமனை என்று தொட்டேன். நோயாளியிடமே கேட்டு உறுதி செய்யப்பட்டதா? இல்லை என்றேன். பக்கம் சிவப்பாகி, டாக்டரின் பார்வைக்குப் போகும், அதுவரை மாறாது என்றது. அந்தக் கேள்விக்கே திரும்ப வந்தேன். ஆம் என்றேன். உடனே ஏற்றுக்கொண்டது.

இடம் மாறியதால் கீழே இருந்த பட்டியல் காலியாகிவிட்டது. புதிதாக நிரப்பி, மறுபடி கையெழுத்து வாங்கச் சொன்னது. கையெழுத்து வாங்க வேண்டுமானால் மேலே போக வேண்டும், போனால் சொல்ல வேண்டும். 'பிறகு' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதைத் தட்டினேன். ஐந்து நாள்தானே, ரேவதி போனதும் திருப்பி மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு மேலே போய் அவர் நாடியைப் பார்த்தேன், மாத்திரையைக் கூட்டினேன், கதவைப் பார்க்க உட்கார்ந்திருந்தவரிடம் எதுவும் சொல்லாமல் இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை போனபோது அவருக்கு மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டிருந்தது. கஞ்சி குடித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா சிஸ்டரம்மா, நான் இன்னும் கீறனான்னு பாக்க வந்தியா?" என்று சிரித்தார். அவருக்கு மனசு லேசாக இருக்கும்போது என்னை ஒருமையில் கூப்பிடுவார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. சொல்லிவிட்டுப் பட்டியலையாவது நிரப்பியிருக்கலாம். குழாய் வேண்டாம் என்று அது ஒன்று இருந்திருந்தால்கூடப் போதும். ஆனால் பட்டியலை எடுத்தால் மேலே மருத்துவமனை என்று எழுதியிருப்பது தெரியும். அவர் படிக்கத் தெரிந்தவர். நான் முதுகில் புண் வருகிறதா என்று பார்த்தேன், போர்வையைச் சரி செய்தேன், மழை வருமா என்று பேசினேன். இருபது நிமிஷம் அந்த அறையில் எனக்குத்தான் மூச்சு முட்டியது.

சனிக்கிழமை மத்தியானம் தாங்கமாட்டாமல் டேப்பை எடுத்துத் திருப்பி வீடு என்று மாற்றப் பார்த்தேன். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு மாற்றுவதற்கு டாக்டர் ஒப்புதல் வேண்டுமாம். அது எனக்குத் தெரியாது. அதுவரை அப்படி மாற்ற எனக்கு வாய்த்ததில்லை. காரணம் கேட்டது. குடும்பத்தார் மனம் மாறிவிட்டார்கள் என்று தட்டினேன். ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று மஞ்சளாக ஒரு வரி வந்து நின்றது. டாக்டருக்கு ஒரு போன் போட்டு நடந்ததைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. அவர் கடிப்பவர் இல்லை. ஆனால் அந்த 'ஆம்' எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அவரே பார்ப்பார், பார்த்து ஒப்புவார், யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும் என்று விட்டுவிட்டேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு மூன்றே போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை இருக்கும். எர்ணாவூரில் என் வீட்டுப் பின்பக்கம் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். டேப்பில் செய்தி வரும் சத்தம் கேட்டது. அந்த நோயாளிக்கு வண்டி புறப்பட்டுவிட்டது என்றிருந்தது.

மீன் கையோடு உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ட்யூட்டியில் இருந்தவர் எனக்குத் தெரிந்தவர்தான், நிதானமான ஆள்.

"வண்டிய நிறுத்துங்க. நர்ஸ் போனா போதும், நானே போறேன்."

"அக்கா, மூச்சிரைப்புன்னு அவங்க வீட்டம்மா கூப்ட்டாங்க. ரெக்கார்டுல ஆஸ்பத்திரின்னுதான்கா கீது."

"அது தப்பு. அவருக்கு வீடுதான்."

"பேஷண்ட்டயே கேட்டு உறுதி பண்ணதுன்னு போட்டுக்குதே. நீங்கதான்கா போட்டுக்கீறீங்க, செவ்வாக்கெழம. வழில எதுனா ஆச்சுன்னா நான் இன்னான்னு பதில் சொல்றது? டாக்டர் ஒரு வார்த்த சொல்லட்டும், ஒடனே திருப்பிடறேன்."

அவர் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. கண்டபடி பேசிவிட்டேன். அவர் செய்தது முழுக்கச் சரி என்பதால் வந்த கோபம் அது. டாக்டருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலோ கல்யாணத்திலோ இருந்திருப்பார். நோயாளியின் மனைவிக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்தேன். எண்ணூர் ரோட்டில் ஞாயிறாவது திங்களாவது, கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோவுக்கு இடது பக்கம் ஒரு பெட்டி, வலது பக்கம் ஒரு பெட்டி, நடுவில் ஒரு துண்டு வானம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். கால் மணி நேரம் அசையவில்லை. இறங்கி, லாரிகளுக்கு நடுவில் புகுந்து நடந்தேன், பிறகு ஓடினேன்.

காலடிப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரம்மா வாசல் தெளித்த ஈரத்தில் நின்றிருந்தார். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து உட்காரச் சொன்னார்.

"இப்பத்தாமா வண்டி போச்சு. நீங்க ஏற்பாடு பண்ணதுன்னாங்க. இன்னிக்கு அசுவினி பொறந்துருச்சேன்னு காலைலயே மேல போய் நானே சொன்னேன், இனிமே ஒரு பேஜாரும் இல்ல, நிம்மதியா இருங்கன்னு. அவுரு கூட சிரிச்சாரு."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்ன சொல்லை அந்த அம்மா காப்பாற்றிவிட்டார். ஐந்து நாள் என்றார், ஐந்து நாளோடு விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவருக்காகப் படுக்கை தயாராக இருந்திருக்கிறது. வராண்டாவில் ஒரு நிமிஷம்கூடக் காக்கவைக்கவில்லை. நான் போய்ச் சேருவதற்குள் வாயில் குழாய் போட்டுவிட்டார்கள். அதைப் பிடுங்கிவிடக்கூடாது என்று இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியால் கட்டியிருந்தார்கள். கேஷுவாலிட்டி டாக்டர் சின்னப் பெண். டேப்பை நீட்டி, அவர் எதையும் வேண்டாமென்று சொல்லவில்லையே சிஸ்டர், காலியாகத்தானே இருக்கிறது என்றார். காலியாகத்தான் இருந்தது. நான் அவர் காலடியில் நின்றேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாரா, என் தலைக்கு மேல் விளக்கைப் பார்த்தாரா, தெரியவில்லை. அண்ணா, என்னை மன்னிச்சிடுங்க என்றேன். மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்விட்டார்.

அந்த மாதக் கூட்டத்தில் அவருடைய பதிவைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். அழைப்பு வந்ததிலிருந்து படுக்கை கிடைத்தது வரை எங்கேயும் தடங்கல் இல்லை, எல்லோரும் ஒரே பதிவைப் பார்த்து வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் பாராட்டினார். ஒப்புதலுக்குக் காத்திருந்த என் மஞ்சள் வரியை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் என் முழங்கையைத் தட்டினார். நான் எழுந்து உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். அதற்குள் அடுத்த நோயாளியின் பக்கம் வந்துவிட்டது.

மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை வீட்டில் விட்டுவைக்கக்கூடாது. எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காரியம் முடிந்த மறுநாள் அதற்காகப் போனேன். கீழே வீட்டுக்காரம்மாவின் மகள் வந்துவிட்டிருந்தாள், நடையில் கால் நீட்டி உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு வழிவிட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேலே மனைவி பாயை விரித்து என்னை உட்காரச் சொன்னார். அழுது முடித்த முகம். எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தார். நான் எண்ண ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு நான் ஒண்ணு சொல்லல சிஸ்டர்" என்றார். "அன்னிக்கு வண்டி வந்ததும் அவுரு வரமாட்டேன்னுட்டாரு. அஞ்சி நாளு தாண்டிருச்சே, நர்ஸு வருவாங்கன்னு நானும் நெனச்சிகினு இருந்தேன், பாத்தா ஸ்ட்ரெச்சரோட ரெண்டு ஆளு. இவுரு இந்த ஜன்னல் கம்பியப் புடிச்சிகினாரு. ரெண்டு கையாலயும். வெரல் வெரலா பிரிச்சிப் பாத்தாங்க, முடியல. அந்த ஒடம்புல அவ்ளோ பலம் எங்க கெடந்துச்சோ."

நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

"அப்பால வண்டிக்காரரு அந்தக் கம்ப்யூட்டர்ல கீறத படிச்சிக் காட்னாரு. நாந்தான் காதாண்ட போய் சொன்னேன். யோவ், சிஸ்டரு எழுதிக்கீறாங்கயா, ஒன்னக் கேட்டுத்தான் எழுதனதாம், நீதான் மறந்துட்ட போல கீதுன்னேன். என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தாரு. மாத்திர சாப்பிட்டு சாப்பிட்டு ஞாபகம் தப்பிருச்சோ இன்னாவோன்னு அவுரே கேட்டாரு. சிஸ்டரம்மா எழுதனா சரியாத்தான் இருக்கும்னாரு. அப்டியே தானா கைய வுட்டுட்டாரு சிஸ்டர்."